மத்தாப்பில்லாமல் எடுத்த படம்

மயிலாப்பூரில் ஒரு காலத்தில் என்னை ‘மத்தாப்பு பாய்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டம் வந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கை, கால், மூக்கெல்லாம் வைத்துச் சொல்வார்கள்.

தியாகராய நகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு புது பங்களாவில் கல்யாணம், சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. படம் எடுக்க என்னை அழைத்திருந்தார்கள். பந்தலுக்குள் வெளிச்சம் போதவில்லை. அந்த நாளில் வெளிச்சம் போதாவிட்டால் தகரத் தட்டில் மெக்னீசியப் பொடியைக் கொட்டிப் பற்றவைப்போம். டப்பென்று ஒரு வெடி, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், பின்னாலேயே வெள்ளைப் புகை. நானும் பொடியைத் தாராளமாகவே கொட்டினேன். புகை நேராகப் பாடகரின் திறந்த வாய்க்குள் போயிற்று. மனிதர் இருமினார், மறுபடி இருமினார், இருமிக்கொண்டே மேடையை விட்டு இறங்கிப் போனார். மிச்சக் கச்சேரியைப் பிடில்காரர் ஒற்றை ஆளாக வாசித்து ஒப்பேற்றினார். பெண்ணைப் பெற்றவர் என்னை அடிக்காமல் விட்டதற்குக் காரணம், அது கல்யாண வீடு என்பது ஒன்றுதான்.

செய்தி எனக்கு முன்னால் மயிலாப்பூர் வந்து சேர்ந்தது. சபாக்காரர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் சொல்லிவிட்டார்கள்: காமிரா வரலாம், பொடி வரக்கூடாது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பொடி இல்லாமல் இருட்டில் எப்படிப் படம் எடுப்பதாம்? கடையில் உட்கார்ந்து இரண்டு மாதம் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கடை குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கண்ணாடி வெட்டுவதும் மரம் இழைப்பதும் குடும்பத் தொழில். காமிராவை இடையில் நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன். வீட்டில் அதை என் சக்களத்தி என்றே என் மனைவி சொல்வாள்.

அப்படி நான் திட்டிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் ஓர் அம்மாள் தன் கணவரோடு கடைக்கு வந்தார். கணவர் பள்ளிக்கூட வாத்தியார், எங்களிடம் பல படங்களுக்குச் சட்டம் போட்டவர். அம்மாளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. அடுத்த மாதம் சபாவில் முதல் முறையாகப் பாடப்போகிறார். பாடும்போது படம் எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

“அதுக்கென்னம்மா, காலையில ஒரு நாள் வந்து தம்பூராவோட உக்காருங்க. பளிச்சுனு எடுத்துத் தரேன்” என்றேன்.

“உக்காந்துண்டு இருக்கற படம் வேண்டாம் பாய். பாடிண்டு இருக்கற படம் வேணும். வாய் திறந்திருக்கணும், எதிர்ல ஜனங்கள் இருக்கணும்.”

காரணத்தை அவரே சொன்னார். அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அப்பா. அப்பா ரங்கூனில் இருக்கிறார். கல்யாணமான பிறகு புகுந்த வீட்டில் பாடக்கூடாது என்றார்கள், இவரும் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து அப்பாவின் கடிதங்களில் க்ஷேம விசாரிப்பைத் தவிர ஒரு வரி கிடையாது. இப்போது புகுந்த வீட்டுப் பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கணவரே பாடு என்கிறார். சபாவில் பாடப்போகிறேன் என்று அப்பாவுக்கு எழுதினால், ‘என் மனசு குளிர வேண்டும் என்று இல்லாததை எழுதாதே’ என்று பதில் வந்திருக்கிறது.

“இனிமே அவரால கப்பல் ஏற முடியாது. தம்பூராவை வெச்சுண்டு யார் வேணா உக்காரலாம்னுடுவார். பாடறதைக் கண்ணால பாத்தாத்தான் நம்புவார்” என்றார். வாத்தியார் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். யோசிக்காமல், ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடைக்கு மேலே இரண்டு பல்பு எரியும், அவ்வளவுதான் வெளிச்சம். பொடி இல்லையென்றால் லென்ஸ் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கண்ணாடித் தகட்டில் வெளிச்சம் சேரும்வரை இரண்டரை, மூன்று செகண்டு வைத்திருந்து மூட வேண்டும். அவ்வளவு நேரம் பாடுகிறவர் அசையாமல் இருக்க வேண்டும். கச்சேரியில் யார் அசையாமல் இருக்கிறார்கள்? எனக்கோ சங்கீதத்தில் ஆனா ஆவன்னா தெரியாது.

பழகிப் பார்ப்பதற்காக அதே சபாவில் வேறொருவர் கச்சேரிக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனேன். காரியதரிசி வாசலிலேயே என் பையைத் துழாவினார். “மத்தாப்பு ஒண்ணும் கொண்டுண்டு வரலையே?” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஆறு தகடு எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்ணி மூடினேன். வீட்டில் கழுவிப் பார்த்தால் இரண்டு தகட்டில் அருமையான உருவம். நான்கு வெறும் கண்ணாடி, அப்படியே சட்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தகடு விற்றவனோடு மவுண்ட் ரோடுக்குப் போய்ச் சண்டை போட்டேன். தகடு கழுவும் மருந்தைக் குறை சொன்னேன். கிணற்றுத் தண்ணீரைக்கூடக் குறை சொன்னேன். என் கையைத் தவிர எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

கண்டுபிடித்தவள் என் மனைவி. கூடத்தில் காமிராவை நிறுத்தி, அன்று கேட்ட பாட்டுகளை எனக்கு வந்தபடி முனகிக்கொண்டு, மூடியைத் திறந்து மூடிப் பழகிக்கொண்டிருந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க, நாலு எண்றீங்களே, ஒரு தபா மூணு செகண்டு ஆவுது, ஒரு தபா ஒண்ணுகூட ஆவல. இன்னா கணக்கு இது?”

“போடி, நான் சரியாத்தான் எண்றேன்.”

“எங்க சரியா? நீங்க பாட்டோட சேந்து தொடைல தட்டிக்கினு எண்றீங்க. பாட்டு ஓடுனா நீங்களும் ஓடுறீங்க.”

சுருக்கென்று உறைத்தது. சபாவில் என்னைச் சுற்றி அத்தனை பேரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் தெரியாத என் கையும் அவர்களோடு சேர்ந்து தட்டியிருக்கிறது. நான் எண்ணியது செகண்டை அல்ல, தாளத்தை! நிதானமான பாட்டில் எடுத்த இரண்டும் தேறின. விறுவிறுப்பான பாட்டில் எடுத்த நான்கும் போயின. தகட்டுக்காரனிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“பாட்டு ஓடுனாலும் ஓடாதது ஒண்ணு வேணும்” என்றேன்.

“பிஸ்மில்லா சொல்லாமயா மூடியைத் தொறக்குறீங்க? அதையே நிதானமா, முழுசா சொல்லி முடிங்க. அதை யாரும் தாளத்துக்குச் சொல்ல மாட்டாங்க” என்றாள். சொல்லச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முறையும் இரண்டரை செகண்டு. வெங்காயத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எண்ணிக்கை சரியாயிற்று. அசைவு பாக்கி இருந்தது. அம்மாள் வீட்டுக்குப் போய், பாடும்போது நடுவில் எனக்காக ஒரு மூன்று செகண்டு அப்படியே இருக்க முடியுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பாட்டை நிறுத்திட்டு மூஞ்சியைக் காட்டினா அது பாடற படமா? அதுக்கு உங்க கடையிலேயே உக்காந்துடலாமே!”

நான் எழுந்தேன். வாசல் வரை வந்தவர் என்ன நினைத்தாரோ, “பாய், செத்த இருங்கோ” என்றார். “ஆலாபனை பாடறச்சே மேல் ஸட்ஜத்துக்குப் போய் நிப்பேன். உங்களுக்காக இல்லே, அது நிக்கற இடம். அப்போ ஒடம்பு அசையாது.”

“ஆலாபனை இன்னா, ஸட்ஜம் இன்னான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“மிருதங்கம் வாசிக்க மாட்டார், ஒருத்தரும் தாளம் போட மாட்டா. அப்போ ஆலாபனைனு தெரிஞ்சுக்கோங்கோ. நான் மேலே போய் நின்னா சபையே மூச்சைப் பிடிச்சுக்கும். அது உங்களுக்கே தெரியும்.”

கச்சேரி நாள் சாயங்காலம் மேடைக்கு இடப்பக்கம் எனக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். கையில் ஆறு தகடு. முதல் பாட்டில் அம்மாளின் குரல் நடுங்கியது, எனக்கே கேட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. படபடப்பில் மூன்று தகட்டை அப்போதே செலவழித்துவிட்டேன்.

பிறகு மிருதங்கக்காரர் கையை எடுத்து மடியில் வைத்தார். ஆலாபனை. அம்மாள் கீழேயிருந்து மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டு மேலே போனார். இதுதான் என்று திறந்தேன், அவர் உடனே இறங்கிவிட்டார். மறுபடி ஏறினார், திறந்தேன், தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். இனி ஒரே ஒரு தகடு. ரங்கூனில் இருக்கும் அந்த முன்பின் தெரியாத மனிதர் எதிரே நின்று என்னைப் பார்ப்பதாகவே தோன்றியது.

மூன்றாம் முறை ஏறினார். நான் திறக்கவில்லை. அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு முன்வரிசையைப் பார்த்தேன். விசிறிகள் நின்றன. வெற்றிலை மென்றுகொண்டிருந்தவரின் வாய் நின்றது. எனக்கும் மூச்சு நின்றிருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மூடியைத் திறந்து, மனசுக்குள் பிஸ்மில்லாவை முழுதாகச் சொன்னேன். மூடினேன். அவர் குரல் இன்னும் மேலேயே நின்றுகொண்டிருந்தது. இறங்கி வந்தபோது சபையில் எழுந்த ‘ஆஹா’வில் என் குரலும் இருந்தது. காரியதரிசி திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

வீட்டில் சிவப்பு விளக்கடியில் தகட்டைக் கழுவும்போது மனைவியும் பக்கத்தில் நின்றாள். முதலில் பல்பு வந்தது, பிறகு முகம், பிறகு திறந்த வாய். பிடில்காரரின் வில் மட்டும் ஒரே தீற்றலாக இருந்தது, மற்றதெல்லாம் கூர்மை. முன்வரிசையில் அத்தனை கைகளும் மடியில் கிடந்தன. “ஒருத்தர் கையும் தாளம் தட்டல பாருங்க” என்றாள் அவள். எனக்கு அழுகை வந்தது, மருந்து நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

படம் கப்பலேறியது. பதில் வரப் பல வாரங்கள் ஆயின. ஒரு நாள் காலை அம்மாள் வேகவேகமாகக் கடைக்குள் வந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத முகம். கடிதத்தை என்னிடமே நீட்டினார். க்ஷேம விசாரிப்பு அதில் ஒரு வரிகூட இல்லை.

‘மேல் ஸட்ஜத்தில்தான் நிற்கிறாய், முகத்திலேயே தெரிகிறது. ஆனால் வாய் இடப்பக்கம் கோணுகிறது. பன்னிரண்டு வயசில் திருத்தினேன், மறுபடி வந்துவிட்டது. தினமும் விடிகாலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து சாதகம் பண்ணு. சரியானதும் இன்னொரு படம் எடுத்து அனுப்பு.’

“இதுக்கு ஒரு சட்டம் போட்டுத் தாங்கோ” என்றார்.

“படத்தைக் கொண்டாங்கம்மா, அளவு பாக்கணும்.”

“படத்துக்கு இல்லே பாய். இந்தக் கடுதாசிக்கு.”

கடிதத்தைப் பலகையில் விரித்து வைத்து, அதன் அளவுக்குக் கண்ணாடி வெட்ட உட்கார்ந்தேன். பத்து வயதிலிருந்து வெட்டும் கைதான். அன்றைக்கு முதல் கண்ணாடியைக் கோணலாக வெட்டி, இரண்டாவது எடுக்க வேண்டியதாயிற்று.