அரை வாட் பெட்டியும் சுவரின் மூன்றாவது துளையும்

சனிக்கிழமை காலை பதினொன்று இருபது. டெஸ்டரின் கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரிவதைப் பார்த்தேன். டெஸ்டரின் முனை என் மனைவியின் கிடாரில் மூன்றாவது தந்தியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூடத்தின் மொசைக் தரை அப்போதுதான் துடைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் பக்கம் ஈரம் இன்னும் பளபளத்தது. பத்து நிமிடத்தில் அவள் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, அந்தத் தந்தியில் கை வைத்திருப்பாள்.

தந்தியில் மின்சாரம் இருக்கக் கூடாது. கிடாரை, அந்த வாரம்தான் நான் கட்டி முடித்த ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருந்தேன்.

என் மனைவி பள்ளி ஆசிரியை. சாந்தோம் பக்கத்துக் கோவில் ஒன்றில் பாடகர் குழுவுக்கு இருபது வருடமாகக் கிடார் வாசிக்கிறாள். தவக்காலத்தில் கோவிலில் வாத்தியங்கள் அடங்கிவிடும். ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவுக்கான பாட்டுகளை வீட்டில்தான் பழக வேண்டும். மயிலாப்பூரில் எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் மறு வீட்டில் தும்முவார்கள். அதனால் சத்தம் கூடத்தைத் தாண்டாத, அரை வாட் பெட்டி ஒன்றைச் செய்து தருவதாகச் சொன்னேன்.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் சாமான்கள் வாங்கினேன். விரல் நகம் அளவு ஐ.சி. சிப், கைக்கு அடங்கும் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு அங்குல ஸ்பீக்கர். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகர டப்பாவுக்குள் வைப்பேன் என்றதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"தகரமா? அப்ப மூணாவது ஒயர டப்பாலயே அடிச்சுடு சார். உள்ள எது புட்டுக்கினாலும் எர்த்துக்குப் பூடும். உனுக்கு ஒண்ணும் ஆவாது."

இணையத்தில் நான் எடுத்திருந்த வரைபடமும் அதையே சொன்னது. பிளக்கின் மூன்றாவது பின்னிலிருந்து வரும் பச்சை ஒயரை டப்பாவின் உட்பக்கம் திருகி இறுக்கினேன். கிடாரின் தந்திகள் அதன் உள் ஒயர் வழியாக டப்பாவின் தகரத்தோடு சேரும். தகரம் பச்சை ஒயரோடு சேரும். பச்சை ஒயர் சுவருக்குள் போய் மண்ணில் இறங்கும். பாதுகாப்புக்கான வழி அது. வரைபடத்தின் கீழே ஒரு குறிப்பும் இருந்தது: காய்ந்த தரையில், ரப்பர் அடி வைத்த காலணியோடு வேலை செய்யவும். எழுதியவர் குளிர் நாட்டுக்காரர். எங்கள் வீட்டில் செருப்பு வாசலோடு சரி.

புதன்கிழமை மாலை பெட்டி பாடியது. வியாழன் மாலையும் பாடியது. வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. பதினோரு மணிக்கு வாசித்துக்கொண்டிருந்தவள் கையை உதறினாள்.

"ஏங்க, தந்தி சுருக்குன்னுது."

"புதுத் தந்தி. விரல் பழகணும்."

"இருபது வருஷமாப் பழகின விரலுங்க இது" என்றாள். நான் சிரித்தேன். மறுநாள் டெஸ்டரை எடுத்தது அந்தச் சிரிப்பு உறுத்தியதால்தான்.

"தொடாதே" என்று சொன்னபோது அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அரை வாட்டுக்கு இவ்ளோ பில்டப்பா?"

"கையக் கட்டிக்கிட்டு அங்கயே நில்லு."

என் குரல் எப்படி இருந்ததோ, நின்றுவிட்டாள்.

சுவரில் சுவிட்சை அணைத்தேன். தந்தியில் டெஸ்டரை வைத்தேன். விளக்கு எரிந்தது. மல்ட்டிமீட்டரை வைத்தேன். தொண்ணூற்று நான்கு வோல்ட். அணைத்த பிறகும் தொண்ணூற்று நான்கு. பிளக்கைப் பிடுங்கினேன். விளக்கு போய்விட்டது.

பத்திரிகையில் இருந்த வருடங்களில் இந்தச் செய்தியைப் பல முறை திருத்தி எழுதியிருக்கிறேன். நான்கு வரி. ஈரக் கை, அல்லது ஈரத் தரை. அலறல் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தினர். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில். 'பரிதாபமாக' என்று நிருபர் எழுதியிருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிடுவேன். அந்த நான்கு வரியில் வயதும் தொழிலும் போடும் இடத்தில் இப்போது என்ன வரும் என்று எனக்குத் தெரிந்தது. கணவர் செய்த பெட்டி என்பதும் வரும்.

டப்பாவைத் திறந்தேன். பற்றவைத்த முப்பத்தோரு இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் கம்பி எங்காவது தகரத்தைத் தொடுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். தப்பு இல்லை. பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி செருகி, தந்தியில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. மீட்டர் இரண்டு வோல்ட் காட்டியது. இதுதான் இன்னும் மோசம். தப்பு இருந்தால் திருத்தலாம். இது வந்து போகிறது.

"சரியாயிடுச்சுல்ல, குடுங்க. நாளைக்குக் கோவில்ல பாட்டு மாஸ்டர் கேப்பாரு" என்றாள்.

"சரியாகல. இப்ப இல்ல, அவ்ளோதான்."

"பேய் மாதிரி சொல்றீங்க."

பிளக் ஒயரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் மின்சாரம் இல்லாத கிடாரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் ஃப்ரிட்ஜுக்கு எழுந்து போனபோதெல்லாம் அந்த வெறுங்காலைப் பார்த்தேன்.

ஞாயிறு திருப்பலி முடிந்து நாங்கள் வந்த கையோடு, நான் கூப்பிட்டிருந்த எலக்ட்ரீஷியன் ஆதம்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்தார். மணி பதினொன்று ஐந்து. தந்தியில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டெஸ்டரைச் சுவரின் மேல் துளையில், அந்த மூன்றாவது துளையில், விட்டார். எரிந்தது.

"சார், டப்பா மேல தப்பில்ல. கரெண்டு செவுத்துலயே கீது."

ஃப்ரிட்ஜ் கதவின் ஒரு திருகாணியைத் தொட்டார். எரிந்தது. வாஷிங் மெஷினின் பின்பக்கம். எரிந்தது. என் மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, கடைசியில் சோபாவின் மேல் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னா மேடம், எலியப் பாத்தா மாரி மேல ஏறிக்கின?" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை.

கீழே போனோம். எட்டு வீட்டுப் பச்சை ஒயர்களும் மீட்டர் பலகையின் அடியில் ஒரு தாமிரக் கம்பியில் சேர்கின்றன. அந்தக் கம்பி சுவரோடு இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே முடிந்தது. வெட்டிய முனை. அதற்குக் கீழே கார் நிறுத்துமிடத்தின் புது டைல்ஸ்.

"எர்த் குழி எங்க சார்?"

எனக்கும் நினைவு வந்தது. அங்கே ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. கோடையில் வாட்ச்மேன் அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவார். மண் ஈரமாக இருந்தால்தான் கசியும் மின்சாரம் பூமிக்குள் போகும்.

தரைத்தளத்தில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்தத் தொட்டியா? அதுல தண்ணி நின்னுண்டே இருக்கு, கொசு வர்றதுன்னு கார்ப்பரேஷன்லேந்து செக் பண்ண வந்தவா சொன்னா. டெங்கு பயம் பாருங்கோ. மண்ணைப் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டிட்டோம். கம்பி கால்ல இடிக்கறதுன்னு மேஸ்திரி நறுக்கிட்டான். நன்னாத்தானே இருக்கு?"

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். "எட்டு வீட்டு எர்த்தும் ஒண்ணா சேந்துகினு அந்தரத்துல தொங்குது சார். ஒரு வீட்ல லீக் ஆனா எட்டு வீட்லயும் தொட்ட எடமெல்லாம் கரெண்டு."

நான் டெஸ்டரைக் கம்பியின் முனையில் வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு வீட்டு மெயினாக அணைத்தார். ஐந்தாவது வீட்டை அணைத்ததும் டெஸ்டரின் விளக்கு போய்விட்டது. இரண்டாம் மாடி, கிழக்குப் பக்கம். மேலே ஏறிப் போய் மணியடித்தோம். கைக்குழந்தையைத் துண்டில் சுற்றி ஏந்தியபடி அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். குழந்தையின் தலை ஈரமாக இருந்தது. கீசர் ஓடுகிறதா என்று கேட்டேன்.

"கீசரா அங்கிள்? ஆமா, கொழாயத் தொட்டா லேசா சுர்ருங்கும். பாப்பாவப் பதினோரு மணிக்குத்தான் குளிப்பாட்டுவேன். நான் செருப்பு போட்டுக்குவேன்."

"பாப்பா?" என்று கேட்டேன்.

"அது பிளாஸ்டிக் டப்புல தானே."

எலக்ட்ரீஷியன் உள்ளே போய் கீசரின் ஒயரைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் டெஸ்டர் எரியவில்லை. ஆனால் தாமிரக் கம்பி அதே இடத்தில்தான் முடிகிறது. அடுத்த கீசர், அடுத்த கிரைண்டர், யார் வீட்டில், எந்த மணிக்கு என்பது தெரியாது. அன்று மாலையே டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு, டப்பாவுக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி வைத்தேன். பச்சை ஒயரை வெட்டினேன். என் மனைவி வாசிக்க உட்கார்ந்தாள். முதல் விரலை வைப்பதற்கு முன் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"நீங்க மொதல்ல தொடுங்க" என்றாள்.

தொட்டேன். ஆறு தந்திகளையும் தொட்டேன். பிறகு அவள் வாசித்தாள். ஃப்ரிட்ஜைத் திறக்க இப்போது இரண்டு பேரும் செருப்புப் போட்டுக்கொள்கிறோம்.

சங்கக் கூட்டம் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. படிக்கட்டின் அடியில் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருக்கிறார்கள்: பெயின்ட், மேல் தொட்டி கழுவுதல், வாட்ச்மேனுக்கு நாற்காலி. எர்த் குழி நான்காவது.