அப்பாவின் குரல் இழுத்த நாள்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாக இருக்கும், மறதியும் உண்டு, மன்னியுங்கள்.

நான் தேவாரம் கேட்கும் சின்னப் பாட்டுப்பெட்டி நேற்றுப் பாதியில் நின்றுவிட்டது. கடைக்காரர் திறந்து பார்த்து, "பெட்டரி ஊதி வீங்கிட்டு அம்மா, மாத்தினாச் சரி" என்றார். முன்பெல்லாம் பெட்டரி சட்டென்று நிற்காது, குரலை இழுத்து இழுத்துத்தான் சாகும்.

அப்போது செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. சவூதியிலிருந்த அப்பா, கடிதத்துக்குப் பதிலாகத் தன் பேச்சைக் கெசட் நாடாவில் பதிந்து அனுப்புவார். பெட்டரியில் ஓடும் கெசட் றேடியோவைச் சுற்றிப் பாயில் இருந்து கேட்போம். ஒருமுறை அவர் குரல் தடித்து, நாக்குத் திரும்பாதவர்போல இழுத்தது. அவருக்கு ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டதென்று அம்மா பயந்துபோய், காரணம் எழுதாமல், உடனே வரச்சொல்லிக் கடிதம் போட்டுவிட்டா.

மறுநாள் மாமா வந்து புதுப் பெட்டரி போட்டார். குரல் தெளிந்தது.

"அத்தானுக்கு ஒண்டுமில்லக்கா, பெட்டரிக்குத்தான் வருத்தம்!" என்று மாமா சிரித்தார்.

"கடிதம் போயிற்றே தம்பி" என்றா அம்மா.

அப்பா வேலையை விட்டுவிட்டே வந்தார். "என்னத்துக்கு வரச்சொன்னாய்?" என்று கேட்டார்.

"புள்ளைகள் உங்களத் தேடினதுகள்" என்றா அம்மா. பெட்டரிக் கதையை நாங்களும் மறைத்துவிட்டோம். அவர் திரும்பிப் போகவேயில்லை.

அந்த றேடியோவுக்குப் பெட்டரி நாலா, ஆறா என்று நினைவில்லை. என் தம்பியிடம் யாராவது கேட்டுத் திருத்திவிடுங்கள்.