எல்போவில் சுற்றிய கம்பி

வேலையிடத்தில் அவருக்குக் கொக்கு என்று பெயர். இருபது மாடி உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள், பகலெல்லாம் கழுத்தை நீட்டிக் கீழேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை வேறு என்னவென்று கூப்பிடுவது? அவரும் கோபப்பட்டதில்லை. கொக்குக்காவது பசித்தால் பறக்கலாம், நான் ஏணியில்தான் இறங்கணும் என்பார்.

ஊரே காலடியில் கிடந்தாலும் அவர் கண் போய் நிற்பது ஒரே இடத்தில்தான். தூரத்தில் வரிசையாகத் தெரியும் தகரக் கூரைகளில் கடைசிக்கு முந்தினது. அவர் வீடு. கூரையோரக் குழாயும், அதன் அடியில் நிற்கும் இரண்டு நீல டிரம்மும் அங்கிருந்து தெரியாது. ஆனாலும் பார்ப்பார்.

டிரம் வந்தது மனைவிக்காக. போர்வெல் தண்ணீர் உப்பேறிப் போய்ப் பல வருஷம். தெருவே அதில்தான் குளிக்கிறது. அவளுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குளித்துவிட்டு வந்தால் கழுத்திலும் கை மடிப்பிலும் தோல் வெடித்து நீர் கசியும். சொறிந்து சொறிந்தே பொழுது விடியும். போகாத ஆஸ்பத்திரி இல்லை. நல்ல தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள். கேன் தண்ணீர் வாங்கிக் குளிக்க அவர் என்ன ஜமீன்தாரா? ஒரு மழைநாளில் வாளியில் பிடித்த தண்ணீரில் குளித்தவள், அன்று குழந்தை மாதிரி தூங்கினாள். மறுநாளே டிரம்மும் குழாயும், கொசு புகாமல் மேலே கட்டும் வலையும் வந்து இறங்கின.

மழைத் தண்ணீரிலும் ஒரு வம்பு இருந்தது. பக்கத்துச் சிமெண்டு ஆலைத் தூசி கூரையில் அப்பிக் கிடக்கும். முதல் தண்ணீர் சாம்பல் கரைத்த மாதிரி வரும். அதற்கு உப்புத் தண்ணீரே தேவலை. அதனால் குழாய் நுனியில் இருக்கும் வளைந்த துண்டை, எல்போவை, சுவருக்கு வெளியே, சாக்கடைப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். கூரை கழுவி முடிந்ததும் ஸ்டூலில் ஏறி டிரம் பக்கம் திருப்பவேண்டும்.

போன மழையின்போது அவர் வேலையில் இருந்தார். அவளே ஏறினாள். திருப்பினாள், விழுந்தாள். எலும்பு தப்பியது பெரிய காரியம். அவர் சொல்லிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். தண்ணி வீணாப் போறதப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது என்றாள். மனுஷன் கட்டிங் பிளேயரை எடுத்தார். எல்போவை வெளியே பார்க்க வைத்து, வேலையிடத்துக் கட்டுக்கம்பியால் சுற்றி முறுக்கிவிட்டார். இனி என் கை பட்டால்தான் திரும்பும் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்.

அதற்கப்புறம் வானம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. டிரம் இரண்டும் அடி தெரிந்து போயின. அவள் கழுத்து மறுபடி வெடித்தது.

அன்றைக்குக் கான்கிரீட் போடும் நாள். ஆரம்பித்தால் முடிக்காமல் நிறுத்த முடியாது; இறுகிவிடும். கான்கிரீட் தொட்டியைப் பாதி உயரம் தூக்கியிருந்தபோது தூரத்து வானம் கறுத்தது. வேலையிடத்தில் சுள்ளென்று வெயில். அங்கே மட்டும் ஒரு சாம்பல் திரை இறங்கி, தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. கடைசிக்கு முந்தினதும் மறைந்தது.

கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் வந்தார்.

"கொக்கண்ணே, தூங்கிட்டீங்களா? தொட்டி அந்தரத்துல தொங்குது."

"எங்க தெருவுல மழை."

"அதுக்கு? கிரேன வச்சு உங்க வீட்டத் தூக்கப் போறீங்களா?"

அவர் விஷயத்தைச் சொன்னார். சிக்னல்காரர் சிரிப்பை விட்டுவிட்டு, அக்காவுக்குப் போன் போடவா என்றார்.

"வேணாம். போட்டா ஸ்டூல் மேல ஏறுவா. ஏறினாலும் திரும்பாது, கம்பி போட்டிருக்கேன்."

"பக்கத்து வீட்டுல யாரையாவது வெட்டிவிடச் சொல்லுங்க."

"இந்நேரத்துக்கு அங்க யாரு இருக்கா? எல்லாம் வேலைக்குப் போயிருக்கும்."

"கட்டிங் பிளேயர் எங்க இருக்கு?"

கொக்கு காலடியில் கிடந்த பையைப் பார்த்தார்.

"இங்கதான்."

இறக்குங்கண்ணே, கலவை இறுகிடும் என்றார் சிக்னல்காரர். இறக்கினார். அடுத்த தொட்டியைத் தூக்கினார். எத்தனையோ டன்னை நூல் பிடித்த மாதிரி கொண்டுபோய் வைக்கிற கை. சாண் நீளக் குழாயைத் திருப்ப வழியில்லை. கூரை இந்நேரம் கழுவி முடிந்திருக்கும். இனி வருவதெல்லாம் கண்ணாடித் தண்ணீர். அத்தனையும் சாக்கடைக்கு.

வேலை முடிந்து அவர் வீடு சேர்ந்தபோது மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. கொல்லையில் குடமும் சட்டியுமாகப் பரப்பி வைத்திருந்தாள். எதிலும் விரல்கடைக்கு மேல் இல்லை. குழாயின் கீழே துடைப்பம் கிடந்தது, கட்டை இரண்டாக முறிந்து. தலை முதல் கால் வரை நனைந்தவள் அப்படியே உலர்ந்து நின்றாள். கூரையிலிருந்து தெறித்த சிமெண்டுக் கறை கழுத்திலும் கையிலும் வழிந்து காய்ந்திருந்தது.

"ஸ்டூல்ல ஏறலங்க," என்றாள். "கீழ நின்னுதான் தள்ளிப் பாத்தேன். நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. அசையவே இல்ல."

குத்திக் காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"எரியுதுங்க. குளிச்சிட்டு வந்துடறேன்."

சட்டித் தண்ணியை எல்லாம் சேர்த்து ஊத்திக்க என்றார். அது தலைக்கே காணாது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். நாலு வெட்டில் கம்பி அறுந்து விழுந்தது. எல்போ விரல் பட்டதும் வெண்ணெயாகத் திரும்பியது. குழாயில் தங்கியிருந்த கொஞ்சம் தண்ணீர் காலி டிரம்மின் அடியில் சொட்டி நின்றது. வானம் துடைத்துவிட்ட மாதிரி வெளுத்திருந்தது.

உள்ளே போர் மோட்டார் போடும் சத்தம் கேட்டது. அப்புறம் வாளியில் உப்புத் தண்ணீர் விழும் சத்தம். ஸ்டூலிலிருந்து இறங்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.