குற்றாலத்தில் யார் தங்கியிருந்தார்கள்?

கோமதி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது, குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் சீசன் நெரிசலுக்குள் என் கார் நின்றுகொண்டிருந்தது. மாரடைப்பு. தென்காசியில் நெஞ்சக மருத்துவராக அவளுடைய கண்டிப்பு ஊருக்கே தெரியும். ஒரு கிருமியின் மேல் அவளுக்கிருந்த தீராத வியப்பு, கூடப் படித்து, கூடவே வேலை பார்த்த எனக்குத்தான் தெரியும்.

காசநோய்க் கிருமி என்று பேச்செடுத்தால் அவள் காபி ஆறிப்போகும். மூச்சோடு உள்ளே போன கிருமியை நம் உடம்பின் காவல் செல்கள் விழுங்கி, சுற்றிலும் கூடிச் சுவர் எழுப்பும். உள்ளே காற்று குறைவு. கிருமி பெருகுவதை நிறுத்திவிட்டு, செல்லின் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று காலம் தள்ளும். இருமல் இருக்காது, பிறருக்குத் தொற்றாது. "அது தோத்துப்போகலட்டி, அடங்கிக் கெடக்கு. எப்போ முழிக்கணும்னு அதுக்கு யாரு சொல்லுதா?" என்பாள்.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் முடக்குவாதத்துக்கு மூட்டு மருத்துவரான என்னிடம் வந்தார். மகள் கல்யாணத்தில் தாரை வார்க்கக் கை விரிய வேண்டும் என்பது அவர் கவலை. நான் போட நினைத்த ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். உள்ளே கிருமி உறங்கினால் எழுந்து ஆளையே கொன்றுவிடலாம். காசநோய்க்கான தோல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் டிபி வந்ததில்லை என்று அடித்துச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று கோமதியிடம் அழைத்துப் போனேன்.

அவள் டிபி என்ற பேச்சையே எடுக்கவில்லை. "அண்ணாச்சி, சீசன் இல்லாத மாசத்துல உங்க வீட்ல யாரும் குத்தாலத்துல வீடெடுத்துத் தங்கியிருந்தாவளா?" என்று கேட்டாள். சம்பந்தம் தட்டிப்போகுமே என்று காசநோயாளியை அங்கே அனுப்பிவிட்டு வாய் திறக்காத குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு.

"எங்கம்மா இருந்தாவ. கைப்பிள்ளையா என்னையும் தூக்கிட்டுப் போயிருக்காவ" என்றார் அவர். மூட்டுவலிக்கு அருவிக் குளியல் என்றே அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

முடக்குவாதத்துக்கு அவர் விழுங்கி வந்த ஸ்டீராய்டு மாத்திரை பரிசோதனையை ஏமாற்றியிருக்கலாம் என்றாள் கோமதி. முதலில் தடுப்பு மருந்து, பிறகுதான் ஊசி. தாமதத்துக்கு அவர் என் மேல் எரிந்து விழுந்தார். கல்யாணத்தன்று தாரை வார்த்த கையாலேயே எங்கள் இலையில் பாயசம் ஊற்றினார். கோமதிக்கு அப்போதும் யோசனை வேறு. "பட்டாளத்துல இவரு ஓடின ஓட்டமெல்லாம் அதுவும் கூடவே ஓடியிருக்கும், பாத்தியாட்டி" என்றாள்.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். துக்கம் கேட்டுத் திரும்பிய அன்று, ஏனோ என் அம்மாவிடமே அதைக் கேட்டேன்.

"உங்கப்பா இருந்தாவ. ஒன் கல்யாணம் நின்னுரக் கூடாதேன்னு சொல்லல."

எனக்குப் பயம் வரவில்லை. இதை உடனே கோமதியிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துவிட்டேன்.