திரும்பாத நாற்காலி

எந்த நாற்காலியானாலும் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் ஸ்பானர் உட்காருவார். வங்கி, மருத்துவமனை, சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை, எதற்கும் விலக்கில்லை. நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்து, தரையில் உரசாமல் தூக்கி, கதவு கண்ணில் படும்படி வைத்த பிறகுதான் மற்ற பேச்சு. ஏன் என்று யாராவது கேட்டால், “காத்து வரணும்ல” என்பார். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தாலும் அதே பதில்தான்.

நாற்பதைத் தாண்டிய லிஃப்ட் மெக்கானிக். பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடுப்பில் ஒரு ஸ்பானர் தொங்கும். அதனால் வந்த பெயர். அவருடைய உண்மையான பெயரைக் கேட்டால் அவர் நடிக்கும் நாடகக் குழுவில் பாதிப் பேர் விழிப்பார்கள். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தால் போனதும் கருவியைத் தொடமாட்டார். கதவு இடுக்கில் வாயை வைத்து, “நான் வெளியதான் நிக்கிறேன். எங்கயும் போகல. சும்மா ஏதாவது பேசிக்கிட்டே இருங்க” என்பார். ஒருமுறை உள்ளே விசும்பிக்கொண்டிருந்த பெரிய அதிகாரி ஒருவர், கதவு திறந்ததும் டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக வெளியே வந்தார். ஸ்பானர் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “மனுசன் அழுதுட்டு வந்தா ஒயர் நல்லாருக்கான்னு பாக்கணும்” என்பது அவர் கொள்கை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நடிகர். பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஒருவர் எழுதி இயக்கும் நாடகம்; குழுவில் அவர் வாத்தியார். சிறுவயதில் இன்னொரு ஆணால் சீரழிக்கப்பட்ட ஒருவன், நடுவயதில் கவுன்சிலிங்குக்கு வந்து வாய் திறக்கிறான். கதை அவ்வளவுதான். மேடையில் ஒரு கதவு, இரண்டு நாற்காலிகள். எதிரில் ஆலோசகராக உட்காருபவர் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணி, எல்லோருக்கும் அக்கா.

முதல் ஒத்திகையில் ஸ்பானர் உள்ளே வந்து, நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்ததும் வாத்தியார் துள்ளிவிட்டார். யோசித்துச் செய்ததா, தானாக வந்ததா என்று கேட்டு, அதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். “சரி வாத்தியாரே” என்றார் ஸ்பானர்.

அது நடிப்பில்லை. பதின்மூன்று வயதில் நீச்சல் குளத்தின் உடைமாற்றும் அறையில், கதவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த பயிற்சியாளர் தாழ்ப்பாளைப் போட்டார். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர். மனைவி, மனைவி வற்புறுத்தி அனுப்பிய ஆலோசகர், அப்புறம் அண்ணன். அண்ணனிடம் அன்று மாலையே சொல்லியிருந்தார். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தான். “ஆம்பளப் பையன்தானடா, உனக்கென்ன கெட்டுப்போச்சு? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க.”

பெண்ணுக்கு நடந்தால் அவள் உடையைக் குற்றம் சொல்லும் இந்த உலகம், ஆணுக்கு நடந்தால் நடக்கவே இல்லை என்று சாதிக்கிறது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான், செய்தவனைக் காப்பாற்றுவது. அந்தப் பயிற்சியாளர் மாலையும் மரியாதையுமாக ஓய்வு பெற்றார். பையன்தான் நாற்காலி நாற்காலியாகத் திருப்பிக்கொண்டு அலைந்தான்.

நாடகத்தில் ஒரு வசனம் உண்டு. “அவரும் ஆம்பளை, நானும் ஆம்பளை. இத யார்கிட்ட போய்ச் சொல்ல?” அந்த இடத்தில் அரங்கில் எங்கிருந்தாவது ஒரு சிரிப்பு கிளம்பாமல் இருந்ததில்லை. வேறு நடிகராக இருந்தால் குரலை உயர்த்தி அதை அமுக்கியிருப்பார். ஸ்பானர் நிறுத்திவிடுவார். சிரிப்பு வந்த திசையைப் பார்த்தபடி, கோபமில்லாமல், அது தானாகத் தேய்ந்து அடங்கும் வரை காத்திருப்பார். சிரித்தவன் தன் சிரிப்பைத் தானே கேட்கிற வரைக்கும்.

போன ஞாயிறு மதியக் காட்சிக்கு அண்ணன் வருவதாக இருந்தது. டயர் கடை வைத்திருக்கிறவர், கடை அதிரச் சிரிக்கிறவர். நுழைவுச்சீட்டை அவர் கையில் கொடுத்தது ஸ்பானரின் மனைவி. காலையில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே ஸ்பானர் கேட்டார்.

“அவன் சிரிச்சா என்ன பண்றது?”

“மத்தவங்க சிரிச்சா என்ன பண்ணுவீங்களோ, அதையே பண்ணுங்க.”

“மத்தவங்க என் அண்ணன் இல்லியே.”

மனைவி அவர் சட்டையைப் பார்த்தார். பித்தானைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். அதை மட்டும் சரிசெய்து விட்டார்.

முந்தைய காட்சியில் மேடைப் பலகை ஆடி நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருந்தது. அரங்கம் அமைக்கும் தச்சர் அன்று சீக்கிரமே வந்து, நல்ல மனசோடு, நாற்காலிக் காலைப் பலகையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

திரை விலகியது. ஸ்பானர் கதவு வழியாக வந்தார், நாற்காலியின் முதுகைப் பிடித்தார், தூக்கினார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பலகை முனகியது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. அத்தனை சிரிப்புக்கும் நடுவில் அந்த டயர் கடைச் சிரிப்பு தனியாகக் கேட்டது.

பக்கவாட்டில் வாத்தியார் தலையில் கை வைத்தார். தச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஸ்பானர் நாற்காலியைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார். சிரிப்பு அடங்கும் வரை நின்றார். பிறகு கதவுக்கு முதுகைக் காட்டி மெல்ல உட்கார்ந்தார். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

“மேடம், கதவ நீங்க பாத்துக்குவீங்களா? எனக்கு முதுகுல கண்ணு இல்ல. அன்னைக்கு நான் குனிஞ்சு ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருந்தேன்.”

வாத்தியார் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். ஷூவும் இல்லை, கயிறும் இல்லை. அவர் எழுதிய மனிதன் வங்கிக் குமாஸ்தா. அவனுக்கு நடந்தது வேறு இடத்தில், வேறு ஆளால். புரட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. மேடையில் அக்காவுக்கும் புரிந்துவிட்டது. மருந்துச் சீட்டை வாங்குகிற நிதானத்தோடு சொன்னார்.

“நான் பாத்துக்கறேன். நீங்க பேசுங்க.”

ஸ்பானரின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. பேசினார். வழக்கமாகச் சிரிப்பு வரும் வசனம் வந்தபோது, வாய் திறந்தபடி ஒரு வினாடி காத்துப் பார்த்தார். அரங்கில் எந்த மூலையிலிருந்தும் சத்தம் வரவில்லை.

நாடகம் முடிந்து குழு முழுவதும் அரங்கத்தை ஒட்டிய கேன்டீனில் கூடியது. தச்சர், “அண்ணே, மன்னிச்சுக்குங்க” என்று ஆரம்பிக்க, “விடுய்யா, லிஃப்ட் ஷாஃப்ட்ல கூட இவ்வளவு இறுக்கமா நான் போட்டதில்ல” என்றார் ஸ்பானர். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அப்போது அண்ணன் உள்ளே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. தம்பி வழக்கம்போல நாற்காலி முதுகில் கை வைப்பதைப் பார்த்தார். மூலையில் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய், வாசலில் குறுக்கே போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தப் பருத்த முதுகு வாசலை முழுவதும் அடைத்துக்கொண்டது.

ஸ்பானர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அது கிடந்தபடியே உட்கார்ந்து டீயை உறிஞ்சினார்.