தேக்காவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஒரு வரி

தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு நீண்ட கீச்சுச் சத்தம் தொலைபேசியிலிருந்து எழுந்து வீடு முழுவதும் பரவியபோது, அடுப்படியில் நின்றிருந்த அம்மா கரண்டியோடு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. சிங்கப்பூரில், தேக்கா சந்தையை ஒட்டிய அடுக்குமாடியில் எங்கள் வீடு. சன்னலைத் திறந்தால் மீன் வாடையும் பரோட்டா சுடும் வாசமும் சேர்ந்தே உள்ளே வரும். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ரீட்டா அக்கா, தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கிவந்த கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பக்கத்தில் இரண்டு ரப்பர் குழிகள் கொண்ட ஒரு சிறு பெட்டியையும் வைத்திருந்தாள். தொலைபேசியின் கைப்பிடியை அந்தக் குழிகளில் கவிழ்த்துவிட்டால், கணினி அதன் வழியாகக் கேட்கவும் பேசவும் செய்யும் என்றாள். நாங்கள் அதற்கு வைத்த பெயர் "காதுப்பெட்டி".

மறுமுனை உட்லண்ட்ஸில் இருந்தது. பெரியம்மா மகன் சேவியர் அண்ணனும் அதே பாலிடெக்னிக். அவனிடமும் அதே மாதிரி கணினி, அதே மாதிரி காதுப்பெட்டி. அக்கா இங்கே தட்டிய ஆங்கில எழுத்து, தீவின் அந்தக் கோடியில் அவன் திரையில் விழுகிறது என்று தெரிந்த அன்று நான் மேசையைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். ஒருநாள் உலகத்து வீடுகள் எல்லாமே இப்படி இணைந்துவிடும் என்று அக்கா சொன்னதற்கு, "மொதல்ல உட்லண்ட்ஸ் வரைக்கும் ஒழுங்கா போவட்டும்" என்றாள் அம்மா.

அம்மா அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவளுக்கும் பெரியம்மாவுக்கும் அப்போது "பேச்சு இல்லை". பெரியம்மா தேக்காவை விட்டு உட்லண்ட்ஸ் புது வீட்டுக்குப் போனதே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை; பாதிரியார் வந்து வீட்டை மந்திரித்த அன்று அம்மா தாமதமாகப் போய் நின்றபோது, "வந்ததே பெரிசு" என்று பெரியம்மா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், முறுக்கிக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் பேச்சு இல்லை என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. எதிரெதிரே நின்றாலும் நேராகப் பேசக்கூடாது, நடுவில் ஒரு ஆளை வைத்துப் பேசலாம். "பூசைக்கு நேரமாச்சுன்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. "அது எனக்கும் தெரியும்னு சொல்லு" என்பாள் பெரியம்மா. நடுவில் நான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நிற்பேன். ஆனால் பெரியம்மா உட்லண்ட்ஸ் பக்கத்துக் கோவிலுக்கே போகத் தொடங்கிய பிறகு அந்த நடு ஆளுக்கும் வழியில்லாமல் போயிற்று. போனில் கூப்பிட்டால், எங்களை விட்டுக் கூப்பிட்டாலும், அது நேராகப் பேசியதாகிவிடும், அதற்கு இருவருமே தயாராக இல்லை.

இதற்கிடையில் கிறிஸ்துமஸ் நெருங்கிவந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு வீடும் சேர்ந்து ஒரே அண்டாவில்தான் பிரியாணி ஆக்கும். அந்த அண்டாவோ வீடு மாறிய லாரியிலேயே பெரியம்மாவோடு போய்விட்டது. இந்த வருஷம் சின்னச் சட்டியில் நமக்கு மட்டும் ஆக்கிக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். இந்த ஒரு வருஷம் தனித்தனியாகப் போய்விட்டால் இனி எல்லா வருஷமும் அப்படித்தான் ஆகும் என்ற பயம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பெட்டியையே நடு ஆளாக வைத்தால் என்ன என்று நான்தான் அக்காவிடம் கேட்டேன்.

கேட்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது, உடனே வாடியும் விட்டது. பெட்டிக்குத் தமிழ் தெரியாது. இரண்டு அம்மாக்களுக்கும் தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையன் வந்தால் ஆங்கில எழுத்திலேயே தன் மொழியைச் சரளமாகத் தட்டிவிட்டுப் போவான். சேவியர் அண்ணனின் சீன நண்பன் ஒருவன் கணினிக்குள் ஒரு அட்டையைச் செருகிச் சீன எழுத்தையே வரவைத்திருந்தான். நாங்கள்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். "கரண்டு பொட்டி மேல அபாயம்னு நாலு மொழியில எழுதியிருக்கான். ஆபத்துன்னா மட்டும் தமிழ் வேணும், இதுக்கு வேணாமா?" என்று அம்மா கேட்ட கேள்வி அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாளே கட்டம் போட்ட தாள்கள் வந்து இறங்கின. ஒவ்வோர் எழுத்தையும் சிறுசிறு கட்டங்களில் பென்சிலால் நிரப்புவது என் வேலை. அதை எண்களாக்கிக் கணினிக்குச் சொல்வது அக்காவின் வேலை. ஆங்கில எழுத்துக்குப் போதுமான இடத்தில் நம் "ணு" நுழையவே மாட்டேன் என்றது, அதற்குப் பக்கத்து இடத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். "ஔ" யாருக்கும் வேண்டியிருக்காது என்று விட்டுவிட்டோம். முதன்முதலாக "அ" திரையில் எழுந்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மலாய்ப் பையனின் அம்மா, நாங்கள் "மக்சிக்" என்று கூப்பிடுபவள், கதவைத் தட்டி என்னவென்று கேட்டாள். கம்பி வழியாக எண் மட்டுமே போகும், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது இரண்டு பக்கமும் தெரிந்திருக்கவேண்டும் என்பதால், எழுத்துகளை ஒரு பிளாப்பி வட்டில் ஏற்றி அக்காவே பஸ் பிடித்து உட்லண்ட்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை காலை, போன் கவிழ்க்கப்பட்டது, கீச்சுச் சத்தமும் எழுந்தது. காதுப்பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது, போட்டால் அதுவும் கம்பிக்குள் போய்விடும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திரையில் திடீரென்று தலையும் காலும் இல்லாத எழுத்துகள் ஒரு வரி முழுக்கக் கொட்டின. பெரியம்மா அறைக்குள் வந்து, "என்னடா இது சத்தம்?" என்று அங்கே அதட்டியதாகச் சேவியர் அண்ணன் ஆங்கிலத்தில் தட்டினான். அந்த அதட்டல்தான் இப்படி வந்து விழுந்திருக்கிறது என்று அக்கா சொன்னதும் அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "அவ கொரல சரியாத்தான் எழுதியிருக்கு" என்றாள்.

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்களைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்தே பேசினாள். "அண்டா வேணுமாம்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லு." எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது எனக்குத்தான் மனப்பாடம், ஆகவே ஒற்றை விரலால் நானே தட்டினேன்.

வெகுநேரம் திரை சும்மா இருந்தது. அம்மா அடுப்படிக்குத் திரும்பப் போனாள். அப்போதுதான் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின, நான் கட்டம் கட்டமாக நிரப்பிய அதே எழுத்துகள். "அம்மா, வருது வருது!" என்று காதுப்பெட்டியை மறந்து கத்திவிட்டேன். ஓடிவந்த அம்மா, வேதப் புத்தகத்தை வாசிப்பதைப் போல விரல் வைத்து வாசித்தாள்: "அண்டா தனியா வராது. என்னையும் கூப்பிடச் சொல்லு."

அம்மாவின் விரல் அந்த வரியிலேயே நின்றது. "வரச் சொல்லு... வெங்காயம் உரிக்க இங்க ஆளில்ல. வெள்ளனவே வரச் சொல்லு." தட்டி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணீர் திரையை மறைத்தது, அவ்வளவு சந்தோஷம்.

கிறிஸ்துமஸ் அன்று அண்டாவின் ஒரு காதைப் பெரியம்மாவும் மறு காதைச் சேவியர் அண்ணனும் பிடித்தபடி மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தார்கள். வாசலில் நின்ற அம்மா என் பக்கம் திரும்பி, "உள்ள வரச் சொல்லு" என்றாள். "போதும்டி, நேராவே சொல்லு" என்றாள் பெரியம்மா.

இருவரும் இப்போது இல்லை. காதுப்பெட்டி எங்கே போயிற்றோ, கைப்பிடி வைத்த தொலைபேசியே வீட்டில் கிடையாது. தமிழ் எழுத்து கைபேசியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது; ஔகூட இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் துள்ளத்தான் தோன்றுகிறது. போன மாதம் என் மகள்கள் இருவருக்கும் சண்டை. ஒருத்தியை ஒருத்தி கைபேசியில் "பிளாக்" செய்துவிட்டார்கள். சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அக்காகிட்ட என்ன சொல்லணும், சொல்லு, நான் தட்டி அனுப்புறேன்" என்றேன்.

"நோ நீட் லா அம்மா, அவகிட்ட என் நம்பர் இருக்கு, மொதல்ல அவ பிளாக்க எடுக்கட்டும்" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பெரியவளிடம் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள்.