கதவுப் பாடம்

எனக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு மல்லாட்டைக் கிடங்குக்கு ஓடுவோம். அங்கே ஜியூ ஜித்சு சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெயரைப் புதுச்சேரியில் அப்போது யாரும் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘சைகோன் குஸ்தி’ என்றுதான் சொல்வார்கள். சொல்லிக்கொடுத்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே போட்டோ பிடிக்கும் கடை வைத்திருந்த ஒரு ஜப்பான்காரரிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டாராம். அவரை ‘முசே’ என்று கூப்பிட வேண்டும். சார் என்றால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

கிடங்கில் சரக்கு இல்லாத மாதங்கள் அவை. ஆனாலும் தரையிலிருந்து வேர்க்கடலைத் தோலின் வாசனை போகவில்லை. வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் வைத்திக்குப்பத்தில் வாங்கிய பழைய படகுப் பாயை இழுத்துத் தைத்திருந்தார்கள். விழுந்தால் முதுகில் உப்பு அரிக்கும். எங்களுக்குத் தடித்த காடாத் துணியில் சட்டையும் இடுப்பில் கட்ட நாடாவும் கொடுத்தார்கள். முதல் மாதம் முழுக்க விழுவதுதான் பாடம். மோவாயை நெஞ்சோடு சேர்த்து, கையால் தரையை அறைந்து, உருண்டு எழ வேண்டும்.

“விழத் தெரியாதவன் நிக்கக் கூடாது,” என்பார் முசே. “இன்னொரு தரம். பிரேதம் மாதிரி விழாதடா, நீயா விழு!”

நான் யாரோடும் அதிகம் பேசாத பையன். வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து சும்மா நிற்பேன். இங்கே பேச வேண்டியதே இல்லை. வணங்கி, எதிராளியின் சட்டைக் கழுத்தையும் கையையும் பிடிக்க வேண்டியதுதான். வலி தாங்காவிட்டால் அவன் உடம்பிலோ தரையிலோ இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டிய நொடியில் மற்றவன் விட்டுவிட வேண்டும். அது ஒன்றில்தான் முசே யாரையும் மன்னிக்கமாட்டார். என்னோடு சேர்ந்து பழகியவன் போலீஸ் சிப்பாய் வீட்டுப் பையன், ஓயாமல் பேசுகிறவன். நான் பேசாததற்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

சட்டைத் துணியும் பாயும் கிடங்கு முதலாளி கொடுத்தவை என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் திடமாக வளரட்டும் என்று செய்கிறார் என்றார்கள். சில நாள் சாயங்காலம் அவர், பின்னால் ஆள் தள்ளிக்கொண்டு வரும் புஷ் புஷ் வண்டியில் வந்து இறங்கி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். கை தட்டமாட்டார், சிரிக்கமாட்டார். வெற்றிலையை மென்றபடி எங்கள் ஒவ்வொருவரின் காலையும் தோளையும் பார்ப்பார். மாடு வாங்குகிறவர்கள் அப்படிப் பார்ப்பதை நான் சந்தையில் கண்டிருக்கிறேன்.

தேர்தல் வரப்போகிறது என்று ஊரில் பேச்சு எழுந்தபோது பாடம் மாறியது. முசே சுவரோரம் இரண்டு மூட்டைகளை அடுக்கி நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவு சந்து விட்டார். அதுதான் கதவு. இரண்டு பேர் அதை எப்படி அடைத்து நிற்பது, உள்ளே வர முயல்கிறவனின் கட்டைவிரலை மட்டும் பிடித்து எப்படித் திருப்பி அனுப்புவது, வரிசையில் நிற்கிற ஒருவனைச் சத்தம் வராமல் எப்படி வெளியே உருவுவது என்று காட்டினார். எங்களுக்கு அது கண்ணாமூச்சி மாதிரி இருந்தது. ஆனால் முசே அந்த நாட்களில் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

வீட்டில் ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா, “இன்னிக்கு என்னாடா சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“கதவுப் பாடம்,” என்றேன்.

அப்பா மில்லில் தறி ஓட்டுகிறவர். சங்கு ஊதினால் போய், சங்கு ஊதினால் வருவார். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

“கதவா? எந்தக் கதவு?”

எழுந்து நின்று செய்து காட்டினேன். அப்பாவின் கட்டைவிரலையே பிடித்துக் காட்டினேன். அவர் கையை உருவிக்கொண்டு, “போதும், உக்காரு,” என்றார். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “போன எலெக்‌ஷன்ல அந்தக் கிடங்கு மொதலாளி தோட்டத்துல தங்க வச்சானே பசங்கள, அதே கதைதான். இப்போ சின்னப் புள்ளைங்கள புடிக்கிறான்.”

போன தேர்தலில் அப்படித் தங்கிய பையன்களை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவனுக்கு இடது காது பாதிதான் இருந்தது. இன்னொருவன் அதற்குப் பிறகு வீட்டில் தங்கவேயில்லை. அவன் வருகிறான் என்றால் கடைக்காரர்கள் கேட்காமலே பீடிக்கட்டை எடுத்து நீட்டுவார்கள். அவன் தாய் மட்டும் அவனிடம் பேசமாட்டாள்.

“நாளையிலேர்ந்து போவாத,” என்றாள் அம்மா.

“நிறுத்தினா மில்லுல என் வேலைக்கு வரும் வினை,” என்றார் அப்பா. “அவன் பேச்சு அங்க செல்லும்.”

அடுத்த ஞாயிறு சாயங்காலம் முதலாளி முன்னால் எல்லோரும் வித்தை காட்ட வேண்டும் என்றும், அன்றைக்கு அவர் தேர்ந்தெடுக்கிற பையன்கள் வாக்கெடுப்பு முடியும்வரை அவருடைய தோட்ட வீட்டில் தங்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அம்மா என் சட்டையைத் துவைத்துப் போட்டபடி யோசித்தாள். “கை சுளுக்கிக்கிச்சின்னு சொல்லிடு. நொண்டிக் கைய வச்சிக்கினு அவங்க என்னா பண்ணுவாங்க? உட்ருவாங்க.”

எனக்கு அந்த யோசனை சரியாகப் பட்டது. ஆனால் அத்தனை பேர் நடுவில் வாய் திறந்து பொய் சொல்ல என்னால் ஆகாது என்றும் தெரிந்தது.

ஞாயிறன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதலாளி பக்கத்தில் அவருடைய மேஸ்திரி நின்றான், தோட்டத்து ஆட்களை மேய்க்கிறவன். என்னையும் சிப்பாய் வீட்டுப் பையனையும் கூப்பிட்டார்கள். வணங்கினோம். அவன் என்னை இழுத்துத் தள்ளி, என் வலது கையைத் தன் தொடைகளுக்கு நடுவில் நீட்டிப் பிடித்து மல்லாந்தான். நூறு தரம் செய்த பிடிதான். முழங்கை நிமிர்ந்ததும் நான் தட்டுவது வழக்கம். அப்போதுதான் நினைத்தேன், தட்டாவிட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று.

“தட்டுடா,” என்றான் அவன்.

நான் தட்டவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் இடுப்பை உயர்த்தினான். தட்டாதவனை விடுவது அங்கே வழக்கமில்லை. விட்டால் ஏமாற்று என்று முசே அடிப்பார்.

“டேய் பாவி, தட்டுடா! கை போயிடும்டா!”

ஈரத் துணியை உதறியதுபோல ஒரு சத்தம் வந்தது. அவன்தான் அலறினான். எனக்குக் குரல் வரவில்லை. முசே ஓடிவந்து மண்டியிட்டு என் கையைத் தொட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. “ஏன்டா தட்டல? ஏன்டா?” என்று என் காதருகே கேட்டார்.

முதலாளி எழுந்து நின்றார். அவர் கை தட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“கை முறியுது, சத்தம் போடல பாரு,” என்று மேஸ்திரியிடம் சொன்னார். “யாரு வீட்டுப் புள்ள இது?”

மறுநாள் காலை, அப்பா மில்லுக்குப் போன பிறகு, எங்கள் வாசலில் புஷ் புஷ் வண்டி வந்து நின்றது. மேஸ்திரி ஒரு தட்டில் பழமும் புது வேட்டியும் கொண்டுவந்திருந்தான். நான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு படுத்திருந்தேன்.

அம்மா வாசலை மறித்து நின்றாள். “கை ஒடிஞ்ச புள்ளய்யா. இவன இட்டுக்கினு போயி என்னா பண்ணப் போறீங்க?”

“அடிக்கறதுக்கு ஆளுங்க இருக்காங்கம்மா,” என்றான் அவன், மரியாதையாகவே. “இவன் சும்மா உக்காந்திருந்தா போதும். டாக்டரு வந்து பாப்பாரு, பாலு, முட்டை, எல்லாம் இருக்கு. நீ எதுக்குப் பயப்படற?”

பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அம்மா அவர்களைப் பார்த்தாள். பிறகு வழிவிட்டு, என் தலையை வாரிவிட்டாள். சீப்பு இரண்டு தரம் கீழே விழுந்தது.

தோட்ட வீட்டில் என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. உண்மையாகவே டாக்டர் வந்தார். உண்மையாகவே முட்டை கொடுத்தார்கள். பெரிய பையன்கள் மரத்தடியில் தடிக்கு எண்ணெய் தடவுவார்கள். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவர்களே என்னிடம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அப்பா வாயில்வரை வந்ததும், “பையன் நல்லா கீறான், போய்யா,” என்று அவரை மேஸ்திரி திருப்பி அனுப்பியதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துச் சிப்பாய் வீட்டுப் பையனையும் கொண்டுவந்தார்கள். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று அவன்தான் கிசுகிசுத்தான்.

“நீ கை ஒடியறப்போ சிரிச்சியாம்டா. சின்னக்கடை மார்க்கெட்டு பூரா அதே பேச்சு. உனக்கு வலியே தெரியாதாம், சைகோன்ல மருந்து குடுத்து வளத்தாங்களாம்.”

“நான் சைகோனைப் பாத்ததேயில்ல,” என்றேன்.

“அத யார்கிட்ட போயி சொல்லுவ?”

வாக்கெடுப்பு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. விடிந்ததும் என்னைப் புது வேட்டி கட்டி அழைத்துப்போய், வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். கட்டுப் போட்ட கை எல்லோருக்கும் தெரியும்படி மேல்துண்டை விலக்கினான் மேஸ்திரி. பின்னால் தடிக்காரர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். தடிகளை அவர்கள் எடுக்கவே இல்லை. முதலாளிக்கு எதிர்க் கட்சிக்காரர்கள் என்று தெரிந்தவர்கள் தெருமுனைவரை வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். ஒருவர் காதில் இன்னொருவர் ஏதோ சொன்னார். அப்படியே போய்விட்டார்கள். உச்சி வெயில் ஏறுமுன் தெரு காலியாகிவிட்டது. அவ்வளவு அமைதியான தேர்தலை ஊர் கண்டதில்லை என்று மேஸ்திரி சந்தோஷமாகச் சொன்னான்.

மில் ஆட்கள் எல்லோரும் எதிர்க் கட்சிக்குத்தான் போடுவார்கள். அப்பாவும் அப்படித்தான். அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். தனியாக, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தெருவின் நடுவில் நடந்து வந்தார். படி வரைக்கும் வந்து என் எதிரில் நின்றார். சுவரில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மேஸ்திரி என் முதுகுக்குப் பின்னால் வந்து, கட்டுப் போட்ட கையின் முழங்கையைச் செல்லமாக ஏந்துவதுபோலப் பிடித்துக்கொண்டான்.

“உள்ள போறியா?” என்று அப்பாவைக் கேட்டான். “போ, தாராளமா போ. புள்ளைய நான் பாத்துக்கறேன்.”

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். மேஸ்திரியின் கட்டைவிரல் மூங்கில் பத்தைக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் நெற்றியில் வேர்வை வழிந்தது. அசைந்தால் வலிக்குமென்று நான் துடைக்கவில்லை. அப்பா தன் துண்டை எடுத்து என் நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார்.

“சாப்ட்டியா?” என்றார்.

தலையாட்டினேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். சாயங்காலம் வாக்குப் பெட்டிக்குச் சீல் வைத்த பிறகுதான் மேஸ்திரி என் முழங்கையை விட்டான்.